ஈர்ப்பலையும் மின்மவளியும்

(பொழிவின் எழுத்து வடிவம்)



விண்வெளியில் ஓடிவரும் ஈர்ப்பலைகள் ஆங்குள்ள மின்மவளியையும் துகள்களையும் எதிர்ப்படும்போது நிகழ்வது யாது என்பதே இப்பொழிவின் பொருள். தலைப்பைக் கேட்டவுடனேயே சிலர் புருவம் நெரிப்பர். 'இத்தகைய நுண்பொருளைத் தமிழிற் சொல்ல இயலுமா? சொன்னாலும் விளங்குமா?' என்பர். அவ்வினாவுக்கு வெற்று முழக்கத்தால் விடை கூறிப் பயனில்லை. பொருளைத் தமிழிலேயே சொல்லிக் காட்டுதல்தான் தக்க விடை. அதற்குமுன் சொற்கள் இரண்டைத் துலக்கிக் கொள்ளல் வேண்டும். இவற்றில் குழப்பம் நேர்ந்தால் பின்னுள்ளவை எல்லாம் குழம்பும்.

ஆங்கிலத்தில் 'கிராவிட்டி வேவ்' என ஒன்றும் 'கிராவிட்டேசனல் வேவ்' என ஒன்றும் உள. ஒலியில் ஈரசை வேறுபாடு. பொருளிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. முன்னது நீரிலும் காற்றிலும் எழுவது. உயர்ந்தெழுந்த நீரை அதன் எடை கீழே இழுக்கிறது. இழுபட்ட நீர் தன் மட்டத்தையும் தாண்டித் தாழ்ந்து, அருகிலுள்ள நீரை எழுப்புகிறது. சென்னைக் கடற்கரையில் நிற்பவர் காலை நனைக்கும் அலை இவ்வகையினதே. பின்னதோ நீரும் காற்றும் வேண்டாதது. வெளியே நீண்டும் சுருங்கியும் நெளியும் நெளிவு அது. இவ்விரண்டையும் 'ஈர்ப்பு அலை' என்னும் ஒரே தொடரால் பெயர்த்தெழுதிவிட்டால், படிக்கும் பிள்ளை கருந்துளையிலிருந்து வருவதும் கடலில் வருவதும் ஒன்றே என்று எண்ணாதா? எடையே மீட்டிழுப்பதால் முன்னதை 'எடையலை' எனலாம். ஈர்ப்பே அலையாய் விரிவதால் பின்னதை 'ஈர்ப்பலை' எனலாம். பொருளை அறிந்து சொல்லாக்கினால் மயக்கத்துக்கு இடமில்லை.

அடுத்தது 'பிளாசுமா' என மேலையர் வழங்குவது. வார்த்து வடிக்கப்பட்டது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லை 1928ஆம் ஆண்டில் இர்விங்கு இலாங்குமூர் என்னும் அமெரிக்க அறிஞர் இப்பொருளுக்கு இட்டார். வளியிலுள்ள அணுக்கள் வெப்பத்தாலோ கதிர்களாலோ சிதைந்து, எதிர்மின்னிகள் வேறாகவும் எஞ்சிய நேர்மின்மப் பகுதிகள் வேறாகவும் உலவும் நிலை அது. ஆங்கிலத்தில் குருதியின் நீர்ப்பகுதிக்கும் இதே பெயர்தான். தமிழுக்கு அந்த இடர்ப்பாடு வேண்டியதில்லை. அதற்குக் குருதிநீர், இதற்கு மின்மவளி. 'மின்மக்கூழ்' என்பாரும் உளர். கூழ் என்றதும் கெட்டித்தன்மை தோன்றுமன்றோ? உலகுக்கருகே விண்வெளியில், ஞாயிற்றிலிருந்து வீசும் மின்மவளியை எடுத்துக்கொண்டால், ஒரு சுண்டைக்காய் அளவுள்ள இடத்தில் சில துகள்களே இருக்கும். அதனைக் கூழ் என்றால் கூழ் குடித்தவன் நகைப்பான்! ஆயினும் கண்ணுக்குத் தெரியும் பேரண்டப் பொருளில் பெரும்பகுதி இந்நிலையில்தான் உள்ளது. ஞாயிறும் மின்மவளி, விண்மீன்களும் மின்மவளி, விண்மீன்களுக்கு இடையே கிடக்கும் வெறுவெளி போன்றதன் பெரும்பகுதியும் அதுவே. ஆகவே, தொலைவிலிருந்து உலகை நோக்கி வரும் எச்செய்தியும் மின்மவளியைக் கடந்தே வரல் வேண்டும்.

ஒளியும் வானொலி அலையும் அவ்வாறு கடக்கும்போது என்ன பாடு படுகின்றன என்பது நன்கு தெரிந்த ஒன்று. இலண்டனிலிருந்து ஒலித்த தமிழோசையைச் சிற்றலை வானொலியில் கேட்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. உலகு உருண்டையாயிருக்க, நேர்க்கோட்டில் செல்லும் அலை இலண்டனிலிருந்து தமிழகம் வந்தது எவ்வாறு? வான்மேல் உள்ள மின்மவளி அடுக்கு அதனைத் திருப்பி அனுப்பியதால் வந்தது. எதிர்மின்னிகள் அலையின் மின்விசைக்கு ஆட்பட்டு ஆடுகின்றன. ஆடியவை அலையைத் திருப்புகின்றன. மின்மவளியின் அடர்த்திக்கேற்ப ஓர் எல்லை அதிர்வெண் உண்டு. அதற்குக் கீழ்ப்பட்ட வானொலி அலை உள்ளே நுழையவே முடியாது. மேற்பட்டது நுழையும், ஆனால் சுணங்கிச் செல்லும். அதிர்வெண் குறையக் குறையச் சுணக்கம் மிகும். ஞாயிற்றின் நடுவில் பிறந்த ஒளியாற்றல் மின்மவளியில் முட்டிமோதி வெளியே வருவதற்கே பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன.

ஈர்ப்பலைக்கு இப்பாடு உண்டா? இதுதான் வினா.

ஆல்பர்ட்டு ஐன்சுட்டைன் 1915ஆம் ஆண்டில் தம் ஈர்ப்புக் கொள்கையை முடித்து, அடுத்த ஆண்டிலேயே ஈர்ப்பலை உண்டென எழுதினார். இரு பெருநிறைகள் ஒன்றையொன்று சுற்றும்போது வெளியில் நெளிவு எழுந்து ஒளியின் விரைவில் பரவும் என்பது அவர் கண்டது. ஆனால் 1936ஆம் ஆண்டில் அவரே, அத்தகைய அலை மெய்யாக இல்லையென்று ஒரு கட்டுரை எழுதி, அச்சேறுமுன் பிழை தெரிந்து திருத்திக் கொண்டார். அத்துணைப் பேரறிவாளரே தடுமாறிய இடம் இது! அறிஞர்களைப் பின்னரும் இருபதாண்டுகள் அலைக்கழித்த ஐயம் இதுதான்: இவ்வலை உண்மையிலேயே ஆற்றலைச் சுமந்து செல்கிறதா, அன்றி வெறும் கணக்கின் தோற்றமா?

அந்த ஐயத்தை நீக்கியது ஓர் எளிய எண்ணம். 1957ஆம் ஆண்டு அமெரிக்காவின் வட கரோலினாவில் சேப்பல் இல் என்னும் ஊரில் நடந்த மாநாட்டில் இரிச்சர்டு பெயின்மன் அதனை எடுத்துரைத்தார். ஒரு கோலில் இரண்டு மணிகள் கோக்கப்பட்டுள்ளன எனக் கொள்ளுங்கள். ஈர்ப்பலை குறுக்கே வரும்போது மணிகளின் இடைவெளி நீள்வதும் சுருங்குவதுமாக இருக்கும். கோலோ தன் கட்டிறுக்கத்தால் நீளம் மாறாது நிற்க முயலும். எனவே மணிகள் கோலின்மேல் முன்னும் பின்னும் வழுக்கும். கோலுக்கும் மணிக்கும் இடையே சிறிது உராய்வு இருந்தால் வெப்பம் பிறக்கும். அவ்வெப்பம் எங்கிருந்து வந்தது? அலையிலிருந்தே வந்திருத்தல் வேண்டும். ஆகவே அலை ஆற்றலுடையது. எருமன் பாண்டி என்னும் அறிஞரும் இவ்வழியிலேயே எண்ணி அதனை எழுதி வெளியிட்டார்.

கருத்தூன்றி நோக்க வேண்டியது அவ்வுராய்வை. உராய்வு இல்லாவிடில் என்னாகும்? மணிகள் ஆடும், அலை கடந்ததும் ஆட்டம் அடங்கும், ஒன்றும் எஞ்சாது. விண்வெளியிலுள்ள துகள்கள் அத்தகைய உராய்வற்ற மணிகளே. அவை ஒன்றோடொன்று மோதுவது மிக அரிது. ஈர்ப்பலை வந்தால் எதிர்மின்னியும் நேர்மின்மத் துகளும் ஒருசேர அசையும். ஏனெனில் ஈர்ப்புக்கு மின்மத்தின் வேறுபாடு தெரியாது. நிறைகள் வேறாயினும் அசைவு ஒன்றே. மின்மங்கள் பிரிந்தாலன்றோ மின்மவளி தன் மறுவினையைக் காட்டும்? ஒளி வந்தால் இருவகை மின்மங்களும் எதிரெதிரே இழுபடுகின்றன. ஈர்ப்பலை வந்தால் இரண்டும் ஒரு கட்டாகவே அசைகின்றன. ஒளியை மறிக்கும் மின்மவளி ஈர்ப்பலையை மறிக்காமைக்கு இதுவே முதற்கண் அறிய வேண்டியது.

மற்றொன்றும் உண்டு. மின்மவளியில் எழும் வேறு சில அலைகளிலிருந்து துகள்கள் ஆற்றலைக் கவர்ந்து கொள்கின்றன. எவ்வாறு? அலையும் துகளும் ஏறத்தாழ ஒரே விரைவில் சென்றால் துகள் அலையின் முகத்தில் தொற்றிக்கொண்டு உந்தப்படும். கட்டுமரத்தில் கரை சேரும் மீனவர் அலையின் விரைவை எட்டியபின்தான் அலைமேல் ஏறுகின்றனர். எட்டாத கட்டுமரத்தை அலை தூக்கி இறக்கிவிட்டுத் தன்வழி போய்விடும். ஈர்ப்பலையோ ஒளியின் விரைவில் செல்வது. நிறையுள்ள எத்துகளும் அவ்விரைவை எட்டாது. எனவே ஈர்ப்பலை துகள்களைத் தூக்கி இறக்கிவிட்டுப் போகிறது.

இறுக நெருங்கி ஒன்றோடொன்று உராயும் பொருளாயின்? அங்கே இழப்பு உண்டு. 1966ஆம் ஆண்டில் இசுட்டீபன் ஆக்கிங்கு அதற்குரிய கணக்கைக் காட்டினார். பொருளின் பிசுபிசுப்புக்கேற்ப அலை தேயும். ஆனால் எவ்வளவு தேயும்? பிசுபிசுப்புக்குப் பெயர்போன தேனை எடுத்துக்கொள்க. வழியெல்லாம் தேனே நிறைந்திருந்தாலும், அலை தன் ஆற்றலில் பெரும்பகுதியை இழப்பதற்குப் பேரண்டத்தின் அகவையைப்போல் பல நூறாயிரம் மடங்கு காலம் ஆகும்! தேனுக்கே இந்நிலையென்றால், சுண்டைக்காய் அளவு இடத்தில் சில துகள்கள் கொண்ட மின்மவளி எம்மாத்திரம்?

2015 செப்டம்பர் 14ஆம் நாள் இது கண்கூடாயிற்று. ஞாயிற்றைப்போல் ஏறத்தாழ 36 மடங்கும் 29 மடங்கும் நிறையுள்ள இரு கருந்துளைகள், ஏறத்தாழ 130 கோடி ஒளியாண்டுத் தொலைவில் ஒன்றாகக் கலந்தன. மூன்று ஞாயிற்று நிறைக்கு ஈடான ஆற்றல் ஈர்ப்பலையாய் வெளிப்பட்டது. அமெரிக்காவில் வாசிங்டன் மாநிலத்து ஆன்போர்டிலும் இலூசியானா மாநிலத்து இலிவிங்குசுட்டனிலும் உள்ள இலிகோக் கருவிகள் அதனை உணர்ந்தன. நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள கருவிக் கை மாறிய அளவு, நேர்மின்மத் துகளான முன்னியின் குறுக்களவில் சில நூறில் ஒரு பங்கு! அலை மெலிந்துவிட்டதால் அசைவு சிறுத்தது என எண்ணிவிடலாகாது. அது உச்சத்திலிருந்த நொடிப்பகுதியில் உலகின்மேற் பாய்ந்த ஆற்றல், முழுநிலவு பொழியும் ஒளியாற்றலைவிடச் சில மடங்கு மிகுதி. நிலவொளியைக் குழந்தையும் காண்கிறது. அதனினும் மிக்க ஆற்றல் ஒவ்வொருவர் உடலினூடும் ஊடுருவிப் போயிற்று, ஒருவரும் உணர்ந்திலர். பொருளோடு ஒட்டாமை என்பதன் பொருள் அதுதான்.

இவ்வொட்டாமையின் பயனை எடுத்துக்காட்ட 2017 ஆகத்து 17ஆம் நாள் நிகழ்ச்சியே போதும். ஏறத்தாழ 13 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரண்டு நொதுமி விண்மீன்கள் மோதின. அவை சுற்றிச் சுற்றி நெருங்கிய ஈர்ப்பலை ஏறத்தாழ நூறு நொடிகள் கருவிகளில் பதிந்தது. அலை முடிந்து 1.7 நொடியில் காமாக் கதிரின் வீச்சு விண்வெளிக் கருவிகளை வந்தடைந்தது. 13 கோடி ஆண்டுகள் ஓடிய ஓட்டத்தில் 1.7 நொடி! அதனால் ஈர்ப்பலையின் விரைவுக்கும் ஒளியின் விரைவுக்கும் பத்துக் கோடி கோடியில் சில பங்குக்கு மேல் வேறுபாடில்லை என்று தெளிவாயிற்று. அந்த 1.7 நொடியும் பெரும்பாலும் வழியில் நேர்ந்த சுணக்கமன்று. மோதிய இடத்தில் அடர்ந்து சூழ்ந்த பொருளைப் பிளந்துகொண்டு கதிர்வீச்சு வெளிவர எடுத்துக்கொண்ட நேரம் என்பர். அதே பொருளினூடே ஈர்ப்பலை தங்குதடையின்றி வந்துவிட்டது.

பதினொரு மணி நேரத்துக்குள் சிலி நாட்டுத் தொலைநோக்கி ஒன்று அவ்விடத்தின் ஒளியைக் கண்டது. வெளியே எறியப்பட்ட பொருள் ஒளியின் விரைவில் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேலும் விரைந்து விரிந்தது. அதில் இசுட்ராஞ்சியம் என்னும் தனிமம் இருந்ததை 2019ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. பொன் முதலிய கனத்த தனிமங்களும் இத்தகைய மோதல்களில் பிறக்கின்றன என்பது அறிஞர் துணிபு. ஊடுகதிர் ஒன்பது நாட்களுக்குப் பின்னும், வானொலி அலை பதினாறு நாட்களுக்குப் பின்னும் வந்தன. பீறிட்ட பாய்ச்சல் சுற்றியிருந்த மின்மவளியை வாரிச்சுருட்டிக்கொண்டு போக, அங்கே எதிர்மின்னிகள் காந்தப்புலத்தில் சுழன்று எழுப்பிய அலைகள் அவை. ஒரே நிகழ்ச்சி, ஈர்ப்பலை முதலில் வந்தது, மின்மவளியின் வழிவந்த செய்திகளோ நாட்கணக்கில் பிந்தின.

ஆயின் ஈர்ப்பலை எங்குமே மின்மவளியோடு உறவாடுவதில்லையா? உறவாடுமிடங்கள் உண்டு, அவை எண்ணிச் சொல்லத்தக்கன.

1962ஆம் ஆண்டில் கெர்ட்சென்சுட்டைன் என்னும் சோவியத்து அறிஞர் ஒன்றைக் காட்டினார். வலிய காந்தப்புலத்தில் ஒளி சிறிதளவு ஈர்ப்பலையாக மாறும். ஈர்ப்பலையும் அவ்வாறே ஒளியாக மாறும். இரண்டும் ஒரே விரைவில் உடன் செல்வதால் மாற்றம் அடிக்கு அடி கூடிக்கொண்டே போகும். ஆனால் இடையே மின்மவளி இருந்தால் ஒளியின் நடை மாறிவிடும், உடன்நடை குலையும், மாற்றமும் நின்றுவிடும். இங்கு மின்மவளி கெடுப்பான்.

நொதுமி விண்மீனைச் சூழ்ந்த இடமோ வேறு. அங்கே காந்தப்புலம் மிகக் கடியது. மின்மவளியோ காந்தத்தின் ஆற்றலோடு ஒப்பிட மிக நொய்தானது. அத்தகைய இடத்தில் காந்தக் கோடுகளோடு சேர்ந்து மின்மவளியில் ஓடும் அலை ஒளியின் விரைவை ஏறத்தாழ எட்டிவிடுகிறது. ஈர்ப்பலை காந்தக் கோடுகளை நெருக்கியும் விரித்தும் செல்லும்போது இவ்வலை அதனோடு ஒத்த நடையில் ஓடி, அதனிடமிருந்து ஆற்றல் பெறும். கட்டுமரம் அலையை எட்டிப்பிடிக்கும் அரிய இடம் இது. அவ்வாறு பிறந்த மின்காந்த அலையை உலகிலிருந்து காணலாமே என ஆசை தோன்றும். இயலாது. அதன் அதிர்வெண் நொடிக்குச் சில நூறு முதல் ஆயிரம் அளவே. விண்மீன்களுக்கிடையே உள்ள மின்மவளியின் எல்லை அதிர்வெண் நொடிக்கு ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு. உலகுக்கருகே ஞாயிற்று மின்மவளியிலோ ஏறத்தாழ இருபதாயிரம். தாயலை கடந்து வருகிறது. சேயலையை மின்மவளி வழியிலேயே மறித்துவிடுகிறது.

மூன்றாவது பேரண்டத்தின் இளமைக்காலம். தேனி மாவட்டம் பொட்டிப்புரத்துத் திட்டத்தால் தமிழர் செவிக்குப் பழகிய பெயர் நியூத்திரினோ. பேரண்டம் தோன்றி ஏறத்தாழ ஒரு நொடி ஆனபோது இத்துகள்கள் பிற பொருளோடு மோதுவதை விட்டு, ஏறத்தாழ ஒளியின் விரைவில் தம்போக்கில் ஓடத் தொடங்கின. அக்காலத்தில் பேரண்டத்து ஆற்றலில் அவற்றின் பங்கு மிகப் பெரிது. 2004ஆம் ஆண்டில் இசுட்டீவன் வைன்பெர்கு கணக்கிட்டு, அக்காலத்துக்குரிய தொல் ஈர்ப்பலைகளில் ஒரு வகையின் வலிமையை, வீச்சின் இருமடி அளவில், ஏறத்தாழ 36 விழுக்காடு இவை குறைத்திருக்கும் எனக் கண்டார். ஒட்டாத அலையைத் துகள்கள் ஒருமுறை உண்மையிலேயே தேய்த்த இடம் அது. அத்தொல்லலைகள் இதுவரை நேரே காணப்படவில்லை. காணப்படும் நாளில் அத்தேய்மானமும் தேடப்படும். பேரண்டத்தின் முதல் 3,80,000 ஆண்டுகளில் எங்கும் மின்மவளி அடர்ந்திருந்ததால் ஒளி அங்கிருந்து வெளியேற முடியவில்லை. அக்காலத்துக்கு அப்பாலுள்ளதை ஒளியால் காண வழியில்லை. ஈர்ப்பலைக்கு அத்தடையில்லை.

அலை ஒட்டாதெனினும், அலையைத் தேடுவோர் மின்மவளியை மறந்திருக்க முடியாது. துடிமீன்கள் கடிகையைப்போல் தவறாது வானொலித் துடிப்பை அனுப்புபவை. துடிப்பு வந்துசேரும் நேரத்தில் நேரும் நுண்ணிய மாற்றத்தைக் கொண்டு, ஆண்டுக்கணக்கில் ஒருமுறை ஏறியிறங்கும் நெடிய ஈர்ப்பலைகளைத் தேடுகின்றனர். இங்கே இடர் என்னவெனில், வழியிலுள்ள மின்மவளியும் துடிப்பைச் சுணங்கச் செய்கிறது. ஈர்ப்பலை செய்த மாற்றம் எது, மின்மவளி செய்த சுணக்கம் எது எனப் பிரித்தறிய வேண்டாவா? அதிர்வெண் குறைந்த வானொலியில் மின்மவளிச் சுணக்கம் பெரிதாகத் தெரியும். புனேவுக்கு வடக்கே கோடாடில், 45 மீட்டர் குறுக்களவுள்ள 30 கிண்ணங்களோடு அமைந்த வானொலித் தொலைநோக்கி இவ்வகையில் வலியது. அதன் அளவீடுகள் ஐரோப்பியக் குழுவின் அளவீடுகளோடு இணைந்தன. 2023 சூன் இறுதியில் பல நாட்டுக் குழுக்கள் அந்நெடிய அலைகளுக்குச் சான்று கண்டதாக ஒருசேர அறிவித்தபோது, இக்கூட்டு முயற்சியும் அவற்றுள் ஒன்று.

இனி விண்வெளியிலேயே கருவி நிறுத்தப்பட உள்ளது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2024 சனவரியில் ஏற்றுக்கொண்ட இலிசா என்னும் திட்டத்தில், மூன்று விண்கலங்கள் 25 நூறாயிரம் கிலோமீட்டர் இடைவெளியில் முக்கோணமாய் மிதக்கும். ஒவ்வொன்றினுள்ளும் பொன்னும் பிளாட்டினமும் கலந்த கட்டிகள் எதனையும் தொடாது மிதக்கும். ஈர்ப்பலையின் மணிகள் அவையே. ஆனால் ஞாயிற்றுத் துகள்களும் அண்டக் கதிர்த் துகள்களும் கலத்தின் சுவரைத் துளைத்து வந்து அக்கட்டிகளில் மின்மத்தை ஏற்றும். மின்மம் ஏறிய கட்டியைச் சுற்றியுள்ள சுவர் இழுக்கும். அந்த இழுப்பு ஈர்ப்பலையின் அசைவைப்போல் தோன்றி ஏமாற்றும். 2015 திசம்பரில் ஏவப்பட்ட முன்னோட்டக் கலத்தில் இம்மின்ம ஏற்றத்தை அளந்தறிந்து, புறவூதா விளக்கால் எதிர்மின்னிகளைப் பெயர்த்து அதனைத் தணித்துக் காட்டினர். இலிசாவிலும் அவ்வாறே கட்டிகளின் மின்மத்தை அவ்வப்போது கழுவிக்கொண்டிருப்பர். ஏவும் ஆண்டு 2035 எனக் குறித்துள்ளனர்.